29-ஆம் பிரிவும் கறுப்புக் கிரானைட்டும்

பென்னாகரம், அரூர், பாலக்கோடு வட்டாரங்களின் கறுப்புக் கிரானைட் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 3 டன் இருக்கும். அதை வெட்டும் குவாரிக்கு 1952-இன் சுரங்கச் சட்டம் பொருந்தியது. அறுத்து மெருகேற்றும் பட்டறைக்கு 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் பொருந்தியது. 2020-இல் இயற்றப்பட்ட புதிய தொகுப்புச் சட்டம் 2025-இல் நடைமுறைக்கு வந்து இவ்விரண்டின் இடத்தையும் பிடித்தது. ஆனாலும் பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் தூக்கும் எந்திரங்கள் பற்றிச் சொன்ன 29-ஆம் பிரிவைப் பட்டறைக்காரர்கள் சொல் சொல்லாகப் படிப்பது நல்லது.

‘தூக்கும் எந்திரம்’

கிரேன், வின்ச், கப்பி என்று பட்டியல் போகிறது. கை நீட்டித் தூக்கும் டெலிஹேண்ட்லர் அதில் இல்லை. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் வகைப்பாட்டில் அது கரட்டுத் தரையில் ஓடும் 7-ஆம் வகை ஃபோர்க்லிஃப்ட். ஆனால் ஃபோர்க்கைக் கழற்றிக் கொக்கி மாட்டிக் கல்லைத் தொங்கவிட்டால் அது பார்ப்பது கிரேன் வேலைதான். செய்யும் வேலையை வைத்தே வகை பிரிக்க வேண்டும். சங்கிலி, கயிறு, கொக்கி மூன்றையும் இந்தப் பிரிவு எப்படியும் விடவில்லை.

‘பாதுகாப்பான சுமை அளவைத் தாண்டக் கூடாது, அதைத் தெளிவாகக் குறிக்க வேண்டும்’

பிரிவின் உயிர் இங்கேதான். டெலிஹேண்ட்லருக்கு ஒரே ஓர் எண் கிடையாது. பூம் எனும் அதன் கை நீள நீளப் பாரம் முன்சக்கரத்தைவிட்டு விலகும். வண்டி முன்பக்கம் கவிழப் பார்க்கும். கை மடங்கியிருக்கும்போது எளிதாகத் தூக்கிய கல்லையே முழுதும் நீட்டியபின் தாங்காது. அதனால்தான் கேபினில் லோடு சார்ட் இருக்கிறது. உயரம், நீளம் இரண்டையும் அதில் பார்த்த பிறகே பூமை நீட்ட வேண்டும். அந்த அட்டவணை சமதரைக்குப் போட்டது, சரிவில் செல்லாது.

கல்லைக் கட்டித் தூக்கும் சங்கிலி ஸ்லிங்குக்கும் இதே கதை. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 60 செ.மீ. கனம் கொண்ட கல் 1.8 டன். இரண்டு கால் ஸ்லிங் கிடைமட்டத்துக்கு 60 பாகையில் நின்றால் ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 1.04 டன் தாங்கும். அதே ஸ்லிங் 30 பாகைக்குப் படுத்தால் ஒவ்வொன்றின் மேலும் முழு 1.8 டன் விழும். கல் மாறவில்லை, சங்கிலி மட்டும் அறுகிறது.

‘தகுதியுள்ளவர் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும்’

தினமும் காலையில் ஆபரேட்டர் டயர், ஹைட்ராலிக் குழாய், ஃபோர்க் விரிசல் பார்ப்பது இதில் அடங்காது, அது தனி.

‘கிரேன் தண்டவாளத்தில் ஆள் நின்றால் 6 மீட்டருக்குள் கிரேன் வரக் கூடாது’

டெலிஹேண்ட்லருக்குத் தண்டவாளம் இல்லை. பட்டறை முற்றம் முழுவதும் அதன் பாதை. ஆகவே தொங்கும் கல்லின் கீழும் பூம் திரும்பும் பக்கமும் யாரும் நிற்கக் கூடாது. சைகை காட்டுபவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். அவர் கண்ணில் படாவிட்டால் ஆபரேட்டர் உடனே நிறுத்த வேண்டும்.