கையொப்பம் இடாத கை

முதற்பதிப்பு! அதிலும் ஆசிரியர் தம் கைப்பட எழுதிக் கொடுத்த படி! பழம்புத்தக வணிகர் அதைக் கண்ணாடிப் பேழையில் வைப்பார். சேகரிப்போர் போட்டியிட்டு விலை பேசுவர். பேணட்டும், குறையில்லை. ஆனால் முதல் ஏட்டின் மையைப் பார்த்து மகிழ்வோர் அடுத்த ஏட்டைப் புரட்டுகின்றனரா? 1912-இல் பாஸ்டனில் வெளிவந்த ‘வாக்களிக்கப்பட்ட நாடு’ என்னும் தன்வரலாற்றை நினைக்குந்தோறும் இந்த ஐயம் நமக்கு எழுகிறது. எழுதியவர் மேரி ஆன்டின். புலம்பெயர்ந்த யூதக் குடும்பத்தின் பெண்.

அவர் பிறந்தது 1881-இல், ஜாரின் ஆட்சியிலிருந்த பொலோட்ஸ்க் நகரில். யூதர் இன்ன மாநிலங்களில்தான் வாழலாம் என்று 1791-இல் எல்லைக்கோடு கிழித்தது அவ்வாட்சி. 1917-இல்தான் அக்கோடு அழிந்தது. கல்விக்கும் கோடு உண்டு. 1887 முதல், அந்த எல்லைக்குள் உயர்பள்ளியில் யூதப் பிள்ளைகளுக்கு நூற்றுக்குப் பத்து இடம்; தலைநகரங்களில் மூன்றே மூன்று! அரசன் போட்ட வேலி இது. பெண்ணுக்கோ வீட்டிலேயே மற்றொரு வேலி. ஆண்பிள்ளைக்கு வேதப்பள்ளி, பெண்பிள்ளைக்கு வழிபாட்டு வரிகளை எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும் என்றது வைதிகம்.

அந்தச் சிறுமி என்ன செய்தாள் தெரியுமா? ஓய்வுநாளில் எப்பொருளையும் வீட்டுக்கு வெளியே சுமந்து செல்லலாகாது என்பது விதி. மீறினால் கடவுள் என்ன செய்வார்? சோதித்துப் பார்த்தாள்! கைக்குட்டையோடு வாசற்படியைத் தாண்டினாள். வானம் இடியவில்லை, பூமி பிளக்கவில்லை. நெருப்பைத் தொடக்கூடாத அதே நாளில், எவரும் காணவில்லை என்றெண்ணித் தந்தையே விளக்கை அணைத்ததையும் அவள் பார்த்திருந்தாள். ஏடு படித்துப் பெற்ற அறிவன்று. ஒரு குழந்தை தானே கண்டறிந்த அறிவு.

தந்தை 1891-இல் அமெரிக்கா சென்றார். 1894-இல் தாயும் பிள்ளைகளும் ஹாம்பர்க் வழியாகக் கப்பலேறினர். பயணத்தை மேரி தம் மாமனுக்கு இத்திஷ் மொழியில் நீண்ட மடலாக எழுதினார். மடலில் விளக்கெண்ணெய் கொட்டிவிட, வேறொரு படி எழுதி அனுப்பிவிட்டுக் கறைபட்டதைத் தாமே வைத்துக்கொண்டார். அதன் ஆங்கில வடிவம் 1899-இல் நூலாயிற்று. தலைப்பில் பொலோட்ஸ்க் ‘ப்ளோட்ஸ்க்’ ஆகிவிட்டது. அதுவோ போலந்திலுள்ள வேறோர் ஊர்! இத்தகைய பிழைகள் சேகரிப்போருக்குச் சர்க்கரைக்கட்டி.

நாம் நின்று பார்க்க விரும்பும் இடம் வேறு. செல்சியா நகரின் இலவசப் பள்ளிக்குத் தந்தை பிள்ளைகளை அழைத்துச் செல்கிறார். ஆங்கிலம் அவர் நாவில் தடுமாறுகிறது, முகமோ மலர்ந்திருக்கிறது. கட்டணமில்லை, குலம் கேட்பாரில்லை. சில திங்களில் மேரி எழுதிய கட்டுரையை ஆசிரியை ஒருவர் கல்வி இதழுக்கு அனுப்ப, அது அச்சேறுகிறது. பாடஞ்சொல்லிப் பிழைக்கும் நமக்கு இதைப் படிக்கையில் நெஞ்சு நிமிர்கிறது.

ஆனால் அந்த ஊர்வலத்தில் மூத்தவள் பிரீடா இல்லை! அவள் தையற்கடைக்குப் போகிறாள். வீட்டில் வறுமை; தந்தையின் வணிகம் நொடித்துக்கொண்டே இருந்தது. ஒருத்தி படிக்க ஒருத்தி உழைக்க வேண்டும் என்றானபோது, உழைப்பு மூத்தவள் தலையில் விழுந்தது. தங்கை பள்ளிக்கு அணிந்து சென்ற உடையைத் தைத்தவளும் அவளே. மேரி இதை மறைக்கவில்லை, ஒளிவின்றி எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்காகவே நூலை நாம் மதிக்கிறோம். எனினும், அமெரிக்காவின் வாயில் எல்லோருக்கும் திறந்தது என்று அவர் முழங்கும் பக்கங்களை, பிரீடாவை மறந்துவிட்டு நம்மால் படிக்க இயலவில்லை.

அந்த வாயிலும் நிலைக்கவில்லை. வருவோரைத் தடுக்கலாகாதென 1914-இல் மேரி தனி நூலே எழுதினார். 1924-இல் சட்டம் வந்தது: 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு நாட்டாரும் எத்தனை பேரோ, அதில் நூற்றுக்கு இரண்டு! ஆன்டின் குடும்பம் வந்திறங்கியதற்கு முந்தைய கணக்கை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தனர். கிழக்கு ஐரோப்பியர் அன்று குறைவு. மேரி 1949-இல் மறைந்தார். நாட்டுவாரி ஒதுக்கீட்டுக்கு முடிவுகட்டும் சட்டம் 1965-இல்தான் பிறந்தது.

கையொப்பமிட்ட படி கிடைத்தவர்கள் அதைப் பேழையில் தாராளமாகப் பூட்டட்டும். பூட்டுமுன் பிரீடா தையற்கடைக்குப் போகும் பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டுப் பூட்டட்டும்.