ரீஃபர் கன்டெய்னர்: நம்ம ஊர் காய்கறி கெடாமல் கடல் தாண்டுவது எப்படி?

காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்துப் பாருங்கள். ரெண்டு மூணு நாளில் தோல் கறுத்துவிடும். "ஃப்ரிட்ஜில் வெச்சும் கெட்டுப் போச்சே" என்று தோன்றும். உண்மையில் ஃப்ரிட்ஜில் வைத்ததால்தான் கறுத்தது. வாழைக்குக் கிட்டத்தட்ட 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் குளிரே காயம். வீட்டு ஃப்ரிட்ஜ் 4 டிகிரியில் ஓடுகிறது.

வீட்டில் நடந்தால் நஷ்டம் நாற்பது ஐம்பது ரூபாய். இதே தவறு 40 அடி கன்டெய்னரில் நடந்தால் சுமார் 20 டன் சரக்கு போச்சு. 'வேலையை விடாமலே எக்ஸ்போர்ட் பிசினஸ்' என்று இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் பார்த்துவிட்டு யோசிக்கிற பெங்களூரு இளைஞர்களில் நீங்களும் ஒருவர் என்றால், முதல் ஆர்டருக்கு முன்னால் இந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

பெட்டி குளிர வைக்காதா?

ரீஃபர் என்பது குளிரூட்டும் இயந்திரம் பொருத்திய கன்டெய்னர். பார்க்கப் பெரிய ஃப்ரிட்ஜ் மாதிரிதான் இருக்கும். ஆனால் அதன் வேலை, ஏற்கெனவே குளிர்ந்திருக்கும் சரக்கை அதே நிலையில் வைத்திருப்பது. சூடான சரக்கைக் குளிர வைப்பது அல்ல. வயலில் 30 டிகிரியில் பறித்த காயை அப்படியே ஏற்றினால், நடுவில் இருக்கும் அட்டைப்பெட்டி குளிர்வதற்கே பல நாள் ஆகலாம். அதற்குள் அது பழுக்க ஆரம்பித்திருக்கும்.

அதனால்தான் அறுவடை முடிந்த உடனே, பேக் ஹவுஸிலேயே சரக்கைக் குளிர்விக்கிறார்கள். இதற்குப் பெயர் ப்ரீ-கூலிங். சரக்கைத்தான் முன்கூட்டியே குளிர்விக்க வேண்டும், காலிப் பெட்டியை அல்ல. வெளியில் வெயிலில் நின்று லோடு ஏற்றும்போது கன்டெய்னரைக் குளிர வைத்துக் கதவைத் திறந்தால், ஈரக்காற்று உள்ளே புகுந்து சுவரெல்லாம் வியர்க்கும். அந்த நீர் அட்டைப்பெட்டியை ஊற வைக்கும். அதனால் லோடு ஏற்றும் நேரத்தில் மெஷினை நிறுத்தி வைப்பதுதான் வழக்கம்.

இன்னொன்று, உள்ளே சுவரில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அதற்கு மேல் ஒரு பெட்டிகூட அடுக்கக் கூடாது. குளிர்காற்று தரையில் உள்ள பள்ளங்கள் வழியாகக் கிளம்பி, சரக்குக்கு ஊடாக மேலே ஏறி, கூரைக்குக் கீழே திரும்பி மெஷினுக்குப் போகும். 'இன்னும் நாலு பெட்டி இடிச்சுப் போடலாமே' என்று கோட்டைத் தாண்டினால் காற்று திரும்பும் பாதை அடைபடும். நாலு பெட்டிக்கு ஆசைப்பட்டு மொத்த லோடையும் இழப்பது இப்படித்தான்.

உறைந்தது வேறு, உயிருள்ளது வேறு

ஃப்ரோசன் இறால் சுவாசிக்காது. அதை மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் போதும். (ஏன் 18? ஃபாரன்ஹீட் கணக்கில் அது பூஜ்யம், அவ்வளவுதான்.) காற்றோட்டத் துவாரத்தை மூடிவிடலாம். இந்தியாவின் உணவு ஏற்றுமதியில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு: 2023-24 நிதியாண்டில் நாட்டின் கடல் உணவு ஏற்றுமதி சுமார் 17.8 லட்சம் டன். மதிப்பு ₹60,523 கோடி. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஃப்ரோசன் இறால் மட்டுமே.

பழமும் காயும் அப்படி இல்லை. பறித்த பிறகும் அவை உயிரோடு இருக்கின்றன. ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடையும் வெப்பத்தையும் வெளியே விடுகின்றன. துவாரத்தைத் திறந்து வைக்காவிட்டால் உள்ளே மூச்சு முட்டும். சில கன்டெய்னர்களில் ஆக்சிஜனை 2 முதல் 5 சதவீதம் வரை குறைத்து, பழத்தைக் கிட்டத்தட்டத் தூங்க வைத்தே அனுப்புகிறார்கள். தேனி பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் போகும் வாழை பச்சைக்காயாகத்தான் கிளம்புகிறது. போய்ச் சேர்ந்த ஊரில் எத்திலீன் வாயு கொடுத்துப் பழுக்க வைப்பார்கள்.

திராட்சைக்குப் பூஜ்யத்தை ஒட்டிய குளிர் வேண்டும், வாழைக்கு 13, மாம்பழத்துக்கு ரகத்தைப் பொறுத்து 10 முதல் 13. வாழை ஈரக்காற்றைக் கேட்கும். வெங்காயத்துக்கோ ஈரம் ஆகவே ஆகாது, முளைவிடும், அழுகும். ஆக, 'கொஞ்சம் வாழை, கொஞ்சம் வெங்காயம், ஒரே கன்டெய்னர்ல போட்டுடலாம்' என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து தள்ளியே இருங்கள்.

சென்னைக்கு ஐஸ் வந்த கதை

குளிரைக் கப்பலில் ஏற்றுவது தமிழர்களுக்குப் புதுசு இல்லை. சென்னை மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம், 1842-ல் ஐஸ் ஹவுஸாகக் கட்டப்பட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை ஃபிரெடெரிக் டியூடர் என்ற வணிகர் மரத்தூளில் பொதிந்து கப்பலில் அனுப்பினார். 1833-ல் அவருடைய முதல் கப்பல் கல்கத்தாவுக்கு வந்தது. 180 டன்னில் கிளம்பி, நான்கு மாதக் கடல் பயணத்துக்குப் பிறகு சுமார் 100 டன் மிஞ்சியதாம். மெஷின் கிடையாது, கரன்ட் கிடையாது. இயந்திரக் குளிர் வந்த பிறகு, 1882-ல் டுனெடின் என்ற கப்பல் நியூசிலாந்திலிருந்து உறைந்த ஆட்டிறைச்சியை 98 நாளில் லண்டன் கொண்டுபோய்ச் சேர்த்தது. இன்றைய வணிகத்தின் தொடக்கம் அதுதான்.

பெங்களூருக்குக் கடல் இல்லையே?

இல்லைதான். இங்கிருந்து சென்னை சுமார் 350 கிலோமீட்டர். லாரியில் போகும்போது ரீஃபருக்குக் கரன்ட் கொடுக்க ஒரு டீசல் ஜென்செட் வேண்டும். துறைமுகத்தில் ப்ளக் பாயின்ட், கப்பலில் இன்னொரு ப்ளக். குளிர் உடைவது பெரும்பாலும் இந்த இடைவெளிகளில்தான். துறைமுக கேட்டில் நீண்ட வரிசை, டீசல் மிச்சம் பிடிக்க அணைத்த ஜென்செட், யார்டில் ப்ளக் மாட்ட மறந்த ஆள் என்று காரணங்கள் சின்னச் சின்னதாக இருக்கும். நடுக்கடலில் எதிரி வேறு: நாட்கள். 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதும் ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. கூடுதலாகச் சுமார் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம். இறாலுக்கு அது செலவு, திராட்சைக்கு அது ஆயுள்.

கப்பல் தயார், பெட்டி தயார் என்றாலும் காகிதம் தடுக்கலாம். சிக்கபள்ளாப்பூர், கோலார் பக்கம் விளையும் பெங்களூரு ரோஸ் வெங்காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புவிசார் குறியீடு பெற்றது. உள்ளூரில் அதிகம் விலைபோகாது, மலேசியா, சிங்கப்பூர் சந்தையை நம்பித்தான் விளைகிறது. 2023 ஆகஸ்டில் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி போட்டது. இந்த ரகத்துக்கு விலக்கு கிடைத்தது செப்டம்பர் கடைசியில், அதுவும் கர்நாடகத் தோட்டக்கலை ஆணையரின் சான்றிதழோடு. டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்கே தடை வந்தது. 2024 மே மாதம்தான் அது நீங்கியது. வட இந்தியச் சந்தை விலைக்காகப் போட்ட உத்தரவு, அங்கே யாரும் சமைக்காத வெங்காயத்தையும் சேர்த்தே கட்டிப்போட்டது என்பதுதான் இதில் நியாயமில்லாத விஷயம்.

கெட்டால் யார் காசு?

'இன்சூரன்ஸ் இருக்கே' என்று நினைப்பீர்கள். சரக்குக் காப்பீட்டில் மிக விரிவான இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாஸ் ஏ எடுத்தாலும், தாமதத்தால் வரும் நஷ்டமும் பொருளின் இயல்பால் வரும் அழுகலும் அதில் சேராது. மெஷின் பழுதுக்குத் தனியாக ஷரத்து சேர்க்க வேண்டும். அதைப் பிரீமியம் கட்டும் முன்பே கேளுங்கள்.

கப்பல் நிறுவனத்திடம் நஷ்டம் கேட்க ஆதாரம் வேண்டும். கன்டெய்னரின் கணினி வெப்பநிலையைப் பதிவு செய்துகொண்டே வரும், ஆனால் அது அவர்களுடைய பதிவு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டேட்டா லாகரை வாங்கி, ஒன்று கதவுப் பக்கம், ஒன்று நடுவில், சரக்கோடு வைத்து அனுப்புங்கள். லோடு ஏற்றும்போது பழத்தின் உள்வெப்பநிலையை அளந்து போட்டோ எடுத்து வையுங்கள், இல்லையென்றால் 'நீங்க சூடாத்தான் ஏத்தினீங்க' என்பார்கள். வெளியே தெரியாத சேதம் என்றால், டெலிவரி எடுத்த 3 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வழக்குப் போட ஓர் ஆண்டு அவகாசம். வாங்குபவர் சிங்கப்பூரில் வெள்ளிக்கிழமை மாலை பெட்டியைத் திறந்தால், உங்கள் வாட்ஸ்அப் திங்கள்கிழமை வரை மௌனமாக இருக்கக் கூடாது.