மதுரைக் காசில் அரபி எழுத்து

என்கிட்ட ஒரு சின்ன செப்புக்காசு இருக்கு. வைகை மணலைச் சலிச்சுக் காசு எடுக்கிற ஒருத்தர்கிட்ட, நாயக்கர் காசுகளோட சேர்த்து வாங்கினது. மீன், காளை, சாமி உருவம் எதுவும் கிடையாது. வெறும் கோடுன்னு நினைச்சு டப்பாவிலேயே போட்டு வச்சிருந்தேன். பக்கத்துத் தெருவில் அரபி சொல்லிக்கொடுக்கிற பாய் ஒருத்தர் லென்ஸ் வச்சுப் பார்த்துட்டு, "இது சுல்தான்ங்கிற சொல்லு தம்பி" ன்னார். அட!

ஆமாங்க, மதுரைக்கும் சுல்தான்கள் இருந்தாங்க. டெல்லியின் ஆளாக இங்கே இருந்த ஜலாலுதீன் அசன் ஷா, 1335 வாக்கில் துக்ளக்கை உதறிவிட்டுத் தானே சுல்தான் ஆனார். உடனே செய்த வேலை, தன் பெயரில் காசு அடித்தது. தங்கம் மிக அபூர்வம். கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் செம்பும் கலப்பு வெள்ளியும்தான்.

ஏன் வெறும் எழுத்து? பழைய பாரசீகக் காசுகளில் மன்னர் முகமும் நெருப்பு மேடையும் இருக்கும். 696-97ல் கலீபா அப்துல் மாலிக் தங்கக்காசில் உருவத்தை எடுத்துவிட்டு எழுத்தை மட்டும் பொறித்தார். அப்புறம் எழுத்துதான் அலங்காரம். அந்த வழக்கம் பாரசீகம், டெல்லி என்று சுற்றி வைகைக்கரைக்கும் வந்துவிட்டது.

அசன் ஷா தன் காசில் தன்னை நபி வம்சம் என்றும், ஏழை எளியவர்களின் தகப்பன் என்றும் போட்டுக்கொண்டார். ஆனால் 1340களில் இங்கே வந்த இபின் பதூதா எழுதியிருப்பதைப் படித்தால் வயிறு கலங்கும். அசன் ஷாவின் மருமகன் கியாசுதீன் பெண்களையும் குழந்தைகளையும்கூடக் கொன்றதைச் சொல்கிறார். இத்தனைக்கும் பதூதாவும் அந்த வீட்டு மருமகன்தான்! ஆக, காசில் இருக்கும் பட்டத்தை அப்படியே நம்பக்கூடாது.

தேதி வேற விஷயம். விஜயநகரத்துக் குமார கம்பணர் 1371 வாக்கில் மதுரையைப் பிடித்தார், சுல்தான் ஆட்சி முடிந்தது என்றுதான் நாம படிச்சிருக்கோம். ஆனா கடைசி சுல்தான் சிக்கந்தர் ஷாவின் காசு ஹிஜ்ரி 779 வரைக்கும் கிடைக்குது. அதாவது 1377-78. தோற்றவன் ஏதோ ஒரு மூலையில் இன்னும் ஆறேழு வருஷம் காசு அடிச்சிட்டு இருந்திருக்கான். ஜெயிச்சவங்க பாட்டில் இது வராது.

என் காசில் தேதி தேய்ஞ்சு போச்சு. சுல்தான் மட்டும் மிச்சம், எந்த சுல்தான்னு தெரியலை. உங்க வீட்டு டப்பாவிலும் இப்படி 'கோடு' போட்ட காசு இருந்தா, தேய்ச்சுப் பளபளப்பாக்கிடாதீங்க மக்களே. போறது அழுக்கு மட்டும் இல்லை, தேதியும்தான்.