பெரட்டுக்களத்துப் பெயரும் மின்னஞ்சல் பெயரும்



ஒரே மடலைப் பலருக்கு அனுப்பும்போது அவரவர் பெயரைக் கணினியே முகப்பில் இட்டுக்கொள்ளும் முறை புதிதன்று. 1980களின் தொடக்கத்திலேயே வேர்டுஸ்டார் என்னும் சொற்செயலிக்கு ‘மெயில்மெர்ஜ்’ என்ற துணை நிரல் விற்பனைக்கு வந்துவிட்டது. மின்னஞ்சல் பரவியபின் அதே முறை அங்கும் குடியேறியது. ஆயினும் நம்மவர் பெயர்கள் அதற்குள் எளிதில் அடங்குவதில்லை. காரணத்தைத் தேடினால் பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களுக்குத்தான் செல்ல வேண்டியிருக்கிறது.

பொழுது புலருமுன் பெரட்டுக்களத்தில் கூடியவர்களை, கிராணி செக்ரோலைப் பார்த்துப் பெயர் சொல்லி அழைப்பார். ஆங்கிலப் பதிவேடு அது. எழுத்துக்கூட்டலோ எழுதியவர் செவிக்கு எட்டியபடி. உடன்பிறந்த இருவருடைய ஆவணங்களில் தந்தையின் பெயர் இரு விதமாக இருப்பதைப் பள்ளிப் பதிவின்போது நாம் கண்டிருக்கிறோம் அல்லவா? 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக்கொல்லப்பட, அவசரகாலம் பிறந்தது. அதன் நடவடிக்கைகளுள் ஒன்றாக அடையாள அட்டையும் வந்தது. எழுதப்பட்ட பெயரே இனிப் பெயர் என்றாயிற்று.

தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரே உடன் வரும். ஆங்கிலேயர் எழுதிய எஸ்/ஓ, டி/ஓ என்பன பின்னர் மலாய்மொழிக்கு மாறி ஏ/எல், ஏ/பி ஆயின. (சிங்கப்பூரில் பழைய வழக்கமே நீடிக்கிறது.) மேலைநாட்டு நிரலோ இறுதிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்ளும். ‘முருகன் ஏ/எல் இராமன்’ என்பவருக்கு எழுதினால் ‘அன்புள்ள திரு. இராமன்’ என்று அவர் தந்தையை அழைக்கும்.

இப்பிழையை நானே செய்தேன். பெற்றோர் கூட்டத்திற்கான அழைப்பைப் பெயர்ப்பட்டியல் கொண்டு அனுப்பிய மறுநாள், ஈப்போவில் வேலை செய்யும் தந்தை ஒருவர் பள்ளிக்கு வந்தார். “டீச்சர், எங்கப்பா தவறிப் பன்னெண்டு வருசமாச்சு. அவருக்கா லெட்டர் போட்டிருக்கீங்க?” என்றார். சினம் இல்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது.

பெயரைச் சரிசெய்த பின் இலக்கணம் குறுக்கிட்டது. பட்டியலில் உள்ள பெயரோடு ‘க்கு’ சேர்த்தால் வள்ளிக்குப் பொருந்தும். முருகன் ‘முருகன்க்கு’ ஆகிவிடுவார். முருகனுக்கு, மாலாவுக்கு, செல்வத்துக்கு என ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் திரியும். ஆங்கில மடலுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. வேற்றுமை உருபு ஏற்ற வடிவத்தையே தனிக் கட்டத்தில் தட்டச்சு செய்து வைப்பதுதான் நான் கண்ட வழி. எண்பது பெயருக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

பதிவுப் படிவத்திலும் ‘உங்களை எப்படி அழைக்கலாம்?’ என்று ஒரு வரி சேர்த்தேன். பலர் அடையாள அட்டையில் இல்லாத வீட்டுப் பெயரை எழுதினார்கள். தோட்டம் செம்பனைக்கு மாறியபின் பட்டணத்திற்குக் குடிவந்து, பேரனை வளர்க்கும் மூதாட்டி ஒருவர், ‘ஆயா’ என்று மட்டும் எழுதித் தந்தார். அவர் வீட்டு மின்னஞ்சலுக்கு ‘அன்புள்ள ஆயாவுக்கு’ என்றே மடல் போகிறது. பேரன் வாசித்துக் காட்டுகிறானாம்.