பந்தும் எல்லைக்கல்லும்: தென் திருவிதாங்கூர்க் கல்லூரிக் கால்பந்தின் கதை

நம் பிள்ளைகள் இங்கே கல்லூரிக்குப் போன பிறகுதான் நம்மில் பலருக்கு இந்த நாட்டு நீள்வட்டப் பந்தின் அரசியல் காதில் விழுகிறது. 1915-இல் தொடங்கிய மேற்குக் கரைக் கூட்டணி, பேக்-12 என்று பெயர் பெற்றது, 2023 கோடையில் சில வாரங்களுக்குள் கலகலத்துப் போயிற்று. ஒரேகானும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு ஓடின. ஸ்டான்ஃபோர்டு, அட்லாண்டிக் கரைக் கூட்டணிக்குப் போயிற்று! ஒரேகான் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டையும் கூப்பிட ஆளில்லை. "அப்பா, அவங்க ரெண்டு பேரை மட்டும் விட்டுட்டாங்க" என்று என் மகன் வருத்தப்பட்டபோது எனக்குக் கள்ளிக்காட்டில் என் தாய்மாமா திண்ணையில் உட்கார்ந்து சொன்ன கதைதான் ஞாபகம் வந்தது. அந்தக் கதையின் பின்னணியை இங்கே சற்று விரிவாகப் பார்க்கலாம்.

திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் 1937-இல் அமைந்தது. அதுவரை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இருந்த நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி அதன்பின் திருவனந்தபுரத்தோடு இணைந்தது. 1952-இல் தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியும் நாகர்கோவிலில் வந்தது. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பையன்களில் சிலர் வடக்கே திருவனந்தபுரத்துக்கும், சிலர் தெற்கே நாகர்கோவிலுக்கும் படிக்கப் போனார்கள். எங்கே படித்தாலும் பல்கலைக்கழகம் ஒன்றுதான். தலைநகர் மைதானமும் ஒன்றுதான். நாகர்கோவிலிலிருந்து அது எழுபது கிலோமீட்டருக்குள்.

மாமா நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டு இடது ஓரத்தில் ஆடியவர். அவருக்கு உள்ளே நின்று ஆடியவர் விளவங்கோட்டுக்காரர். 1956 நவம்பர் 1 வந்தது. "பாஸ் குடுத்தவன் கேரளத்திலெ, கோல் அடிச்சவன் மதராசிலெ ஆயிப்போச்சுடே மக்கா" என்பார் மாமா. சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

எல்லைப் போராட்டத்தை நான் இங்கே சிறுமைப்படுத்த வரவில்லை. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ், மார்ஷல் நேசமணி தலைமையில், ஒன்பது தாலூகாக்களைக் கேட்டது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. மாநிலச் சீரமைப்புக் குழு 1955-இல் தந்த அறிக்கையை ஒட்டி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்துக்கு வந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையில் ஒரு பகுதியும் வந்தது. நாங்கள் கேட்ட நெய்யாற்றின்கரை கிடைக்கவில்லை. எங்கள் வீடு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. அமெரிக்கக் கூட்டணிகளைக் கலைத்தது தொலைக்காட்சிப் பணம். எங்களைப் பிரித்தது மொழிக் கணக்கு. இரண்டும் ஒரே தரமல்ல. ஆனாலும், கோடு போடுகிறவர்கள் யார் யாரோடு இத்தனை காலம் ஆடினார்கள் என்று கேட்பதில்லை என்ற ஒரு விஷயத்தில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை.

பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. மாநிலம் மாறியதும் குமரி மாவட்டக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பின. 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தபோது அதன்கீழ் போயின. 1990-இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். ஸ்காட் கல்லூரிக் கணக்கில் சென்னை, திருவிதாங்கூர், மறுபடி சென்னை, மதுரை, நெல்லை. கல்லூரி இருந்த இடத்தைவிட்டு ஓரடி நகரவில்லை! டெக்சாஸ்காரர்கூட இத்தனை தடவை வீடு மாறியிருக்க மாட்டார்.

இதில் இழப்பு யாருக்கு? சென்னை எழுநூறு கிலோமீட்டர். மாநில அணித் தேர்வுக்கு ஒரு கடலோரப் பையன் இராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து போகணும். வடக்கே, கைக்கெட்டும் தூரத்தில், கேரளம் 1973-இல் எர்ணாகுளத்தில் ரயில்வேயை 3-2 என்று வென்று முதல் சந்தோஷ் கோப்பையை எடுத்தது. மூன்று கோலும் தலைவர் மணி அடித்தது. தமிழ்நாடு அந்தக் கோப்பையை ஒருமுறைகூட வென்றதில்லை. எல்லைக்கோடுதான் இதற்குக் காரணம் என்று நான் சொன்னால் அது மிகை. ஆனால் தூத்தூர்க் கரை அந்தத் திருவனந்தபுர மைதானத்துக்கே பக்கம் என்பதை மறந்துவிட்டுப் பேசவும் முடியாது.

இறுதிச் சுற்றுக்கு யார் போவது என்ற வழக்கும் நம்மிடம் உண்டு. 2023 டிசம்பரில் பதின்மூன்று ஆட்டமும் வென்ற ஃபுளோரிடா ஸ்டேட்டை ஒரு குழு கூடி உட்கார்ந்து நான்கு பேர் பட்டியலுக்கு வெளியே தள்ளியது. கூச்சல் தாங்க முடியவில்லை. பட்டியலைப் பன்னிரண்டாக்கும் முடிவு முன்பே ஆகியிருந்தது, 2024-இல் அமலுக்கு வந்தது. நம்ம ஊர் ஆசுதோஷ் முகர்ஜி கோப்பையில், அதாவது பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கால்பந்தில், குழு இல்லை. நான்கு மண்டலம், மண்டலத்துக்கு இத்தனை அணி என்று கணக்கு. நேர்மையான வழிதான். ஆனால் தென்மண்டலத்தில் கோழிக்கோடு, கேரளம் என்று பலமான பல்கலைக்கழகங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ள வேண்டும். அங்கே தோற்றவன் வேறு மண்டலத்திலிருந்து வருகிறவனைவிட நல்ல ஆட்டக்காரனாக இருந்தாலும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். குழு வைத்தால் சிபாரிசு, கணக்கு வைத்தால் இது. எனக்குக் கணக்கே மேல் என்று படுகிறது. 1956-இல் பிரிந்த நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் பல்கலைக்கழக அளவில் மறுபடி எதிரெதிரே நிற்க முடிவதும் இந்தத் தென்மண்டலத்தில்தான்.

கரையில் மட்டும் கதை வேறு. நெய்யாற்றின்கரைத் தாலூகாவின் கடைசி ஊர் பொழியூர். அதைத் தாண்டினால் தமிழ்நாட்டு நீரோடி, அப்புறம் வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, தூத்தூர். இந்தத் தூத்தூர் வட்டாரப் பங்குகள் தமிழ்நாட்டில் இருந்தாலும் திருவனந்தபுரம் லத்தீன் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. அந்த மறைமாவட்டம் அமைந்ததும் 1937-இல், பல்கலைக்கழகம் அமைந்த அதே வருஷம். பல்கலைக்கழகத்தின் எல்லை சுருங்கியது, ஆயர் அந்தக் கரையை விடவில்லை. பந்தும் விடவில்லை. பொழியூர் சந்தோஷ் கோப்பை ஆட்டக்காரர்களால் பேர் பெற்ற ஊர். இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். வரை போனார்.

டெக்சாசும் டெக்சாஸ் ஏ அண்டு எம்மும் 2011-க்குப் பிறகு மோதாமலே கிடந்து, 2024 நவம்பரில் மறுபடி ஆடியபோது மகனோடு உட்கார்ந்து டிவியில் பார்த்தேன். பொழியூர்க்காரனும் தூத்தூர்க்காரனும் மணலில் ஆடுவதற்கு இப்படிப் பதின்மூன்று வருஷம் யாரும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை என்று அவனிடம் சொன்னேன். "அவங்க எந்த லீக்?" என்று கேட்டான்.