குதிரையின் இனமறிதல்

வம்சப் பதிவில்லாத குதிரையின் இனத்தை உடலமைப்பு, மரபணு ஆகியவற்றைக் கொண்டு கணிக்கும் முறை. தமிழகத்தின் வண்டிக் குதிரைகளும் கடற்கரைச் சவாரிக் குதிரைகளும் பெரும்பாலும் கலப்பினங்கள். ஆடி மாத அந்தியூர்ச் சந்தையில் மார்வாரி, கத்தியவாரி என்ற பெயர்கள் தாராளமாக அடிபடும்; விற்பவரின் வாய்ச்சொல் சான்றாகாது.

உள்நோக்கி வளைந்து நுனி தொடும் காதுகள் ராஜஸ்தானத்து மார்வாரிக்கும் குஜராத்துக் கத்தியவாரிக்கும் பொது அடையாளம். கலப்புக் குட்டிக்கும் இது வாய்க்கலாம் என்பதால் காதை மட்டும் நம்பக்கூடாது. நிறம் அதைவிடப் பலவீனமான சான்று. வாங்குவோர் உற்றுப் பார்க்கும் சுழி தனிக்குதிரையை அடையாளம் காட்டும், இனத்தை அன்று. பல்லும் வயதைத்தான் சொல்லும். கிண்டிப் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த தரோபிரெட் குதிரைக்கோ பதிவேடு உண்டு. உடலில் மைக்ரோசிப் இருந்தால் பிறப்பு வரை தேடிவிடலாம்.

மரபணுச் சோதனை, பிடரிமயிரின் வேரிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ எடுத்த குறிகளை அறியப்பட்ட இனங்களின் தொகுப்போடு ஒப்பிடும். தொகுப்பில் இல்லாத இனத்தை அது பெயர்சொல்லாது; நெருங்கிய வேறொன்றைக் காட்டும். ஆகவே இந்திய இனங்கள் இடம்பெறாத வெளிநாட்டுச் சோதனையில் நாட்டுக் குதிரைக்கு அரபி என்று விடை வந்தால் மகிழ அவசரப்பட வேண்டாம். இந்திய இனங்களைப் பதிவது கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம்.