ஆன்டிவைரஸ் அப்டேட் நிறுவப்படவில்லையா? காரணங்களும் சரிசெய்யும் வழிமுறைகளும்

மும்பை: கணினியில் உள்ள ஆன்டிவைரஸ் மென்பொருள் 'அப்டேட் தோல்வி' என்ற அறிவிப்பைக் காட்டினால், அதை மூடிவிட்டு வேலையைத் தொடர்வதே பலரது வழக்கம். பெரும்பாலும் இதற்குத் தவறான தேதி, இடமின்றி நிரம்பிய ஹார்டு டிஸ்க் போன்ற சிறு குறைகளே காரணமாக இருக்கும். ஆனால், கணினிக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்ட மால்வேர் எனப்படும் தீங்கு நிரலே அப்டேட்டைத் தடுத்து நிறுத்துவதும் உண்டு. மும்பையில் இருந்து இயங்கும் ஓர் ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் சிலருக்கு 2026 ஜனவரியில் இதுவே நேர்ந்தது.

தாராவியின் தோல், தையல் பட்டறைகளிலும், மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளின் சிறு கடைகளிலும் ஒரே கணினியில் ஜிஎஸ்டி கணக்கு, வங்கிப் பரிவர்த்தனை, வாடிக்கையாளர்களின் ஆதார் நகல் என அனைத்தும் இருப்பதுண்டு. அத்தகைய கணினியில் அப்டேட் நின்றுபோனால், பாதிப்பு அதன் உரிமையாளரோடு முடிந்துவிடாது.

இ-ஸ்கேன் நிகழ்வு

மைக்ரோவேர்ல்ட் நிறுவனம் தயாரிக்கும் இ-ஸ்கேன் ஆன்டிவைரஸின் இந்திய அலுவலகம் மும்பை அந்தேரியில் உள்ளது. 2026 ஜனவரி 20ஆம் தேதி, அந்நிறுவனத்தின் அப்டேட் சர்வர்களில் ஒரு பகுதிக்குள் அனுமதியின்றி ஊடுருவல் நடந்தது. சுமார் 2 மணி நேரம் அந்தச் சர்வர்களில் இருந்து அப்டேட் பெற்ற கணினிகளுக்கு, முறையான கோப்புக்குப் பதிலாகத் தீங்கு நிரல் அடங்கிய கோப்பு சென்றது.

அந்தக் கோப்பு கணினியின் 'ஹோஸ்ட்ஸ்' கோப்பையும், ஆன்டிவைரஸின் அப்டேட் அமைப்புகளையும் மாற்றியது. இதனால் பாதிக்கப்பட்ட கணினிகள் நிறுவனத்தின் சர்வரைத் தொடர்புகொள்ள இயலாமல் போயின. தவறைச் சரிசெய்யும் அப்டேட்டும் அவற்றுக்குத் தானாகச் சென்று சேரவில்லை. நிறுவனத்தைத் தொடர்புகொண்டு, திருத்தக் கோப்பைத் தனியே பெற்று நிறுவ வேண்டியிருந்தது. இந்தியா, வங்கதேசம், இலங்கை, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளில் இத்தாக்குதல் முயற்சிகள் அதிகம் காணப்பட்டன.

பாதிப்பின் அறிகுறிகளாக அந்நிறுவனம் குறிப்பிட்டவற்றில் முதன்மையானது, அப்டேட் தோல்வி அறிவிப்பே.

இந்த உத்தி புதிதன்று. 2008 நவம்பரில் பரவத் தொடங்கிய 'கான்ஃபிக்கர்' என்ற கணினிப் புழு, பாதிக்கப்பட்ட கணினிகள் ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் இணையதளங்களை அணுகவிடாமல் தடுத்தது. அதனால்தான் தொடர்ந்து தோல்வியடையும் அப்டேட்டை ஓர் அறிகுறியாகக் கருதி, காரணத்தைப் படிப்படியாகக் கண்டறிய வேண்டும்.

இரு வகை அப்டேட்

ஆன்டிவைரஸ் அப்டேட் இரு வகைப்படும். ஒன்று, புதிய வைரஸ்களின் அடையாளங்களைக் கொண்ட பட்டியல். இது ஒரே நாளில் பலமுறைகூட வெளியாகும். மற்றொன்று, மென்பொருளின் புதிய பதிப்பு. இது எப்போதாவது வெளியாகும். அளவில் பெரியது, நிறுவிய பின் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டியிருக்கும். எந்த வகை தோல்வியடைகிறது என்பதையும், அறிவிப்பில் காணப்படும் பிழை எண்ணையும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சரிபார்க்க வேண்டியவை

1. தேதியும் நேரமும்: ஆன்டிவைரஸ் சர்வர் உண்மையானதுதானா என்பதைக் கணினி, டிஜிட்டல் சான்றிதழ் மூலம் உறுதிசெய்கிறது. ஒவ்வொரு சான்றிதழும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே செல்லும். கணினியின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்தங்கியிருந்தால், செல்லுபடியாகும் சான்றிதழும் நிராகரிக்கப்படும். பழைய கணினியை இயக்கும் ஒவ்வொரு முறையும் தேதி பின்னோக்கிச் சென்றால், மதர்போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கலாம். பல கணினிகளில் சிஆர்2032 என்ற எண் கொண்ட பேட்டரியே இருக்கும். மும்பை லாமிங்டன் சாலையில் உள்ளவை போன்ற கணினி உதிரிபாகக் கடைகளில் இதை மாற்றிக்கொள்ளலாம்.

2. மறுதொடக்கம்: முந்தைய அப்டேட் பாதியில் நின்றிருந்தால், அடுத்தது நிறுவப்படாது. கணினியை முழுமையாக மறுதொடக்கம் செய்து மீண்டும் முயல வேண்டும்.

3. இடவசதி: சி டிரைவில் போதிய இடம் இல்லையெனில், பதிவிறக்கிய கோப்பை விரித்து நிறுவ இயலாது. தற்காலிகக் கோப்புகளையும் மறுசுழற்சித் தொட்டியில் உள்ளவற்றையும் நீக்க வேண்டும்.

4. இணைய இணைப்பு: கைபேசியின் ஹாட்ஸ்பாட் மூலம் இணையத்தைப் பயன்படுத்துவோர், அந்த இணைப்பு விண்டோஸில் 'மீட்டர்டு' என்று குறிக்கப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். டேட்டா செலவைக் குறைப்பதற்காக, இத்தகைய இணைப்பில் சில அப்டேட்டுகளை விண்டோஸ் நிறுத்தி வைக்கும்.

5. உரிமக் காலம்: உரிமம் முடிந்த பின்னும் மென்பொருளின் சின்னம் திரையில் இருக்கும், ஆனால் அப்டேட் வராது. மென்பொருளுக்குள் உள்ள கணக்குப் பக்கத்தில் காலாவதித் தேதியைச் சரிபார்க்கலாம்.

6. இரண்டு ஆன்டிவைரஸ்: ஒரே கணினியில் இரு நிறுவனங்களின் ஆன்டிவைரஸ் இருந்தால், ஒன்றின் கோப்புகளை மற்றொன்று முடக்கக்கூடும். கணினி வாங்கும்போதே உடன் வந்த, காலாவதியான சோதனைப் பதிப்பும் இவ்வாறு தடையாக இருக்கலாம். தேவையற்றதை, அந்தந்த நிறுவனம் வழங்கும் நீக்கக் கருவியைக் கொண்டு முழுமையாக அகற்ற வேண்டும்.

7. இயங்குதளத்தின் பதிப்பு: விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவடைந்தன. பழைய இயங்குதளங்களுக்கான பதிப்புகளை ஆன்டிவைரஸ் நிறுவனங்களும் காலப்போக்கில் நிறுத்திவிடுகின்றன. விண்டோஸ் 10இல் உள்ள டிஃபெண்டருக்கு வைரஸ் அடையாளப் பட்டியல் 2028 அக்டோபர் வரை வழங்கப்படும் என மைக்ரோசாப்ட் அறிவித்துள்ளது. எனினும், அந்தப் பட்டியல் இயங்குதளத்தில் உள்ள ஓட்டைகளை அடைக்காது.

ஹோஸ்ட்ஸ் கோப்பைச் சோதிப்பது எப்படி?

மேற்கண்டவை அனைத்தும் சரியாக இருந்தும் அப்டேட் நிறுவப்படவில்லை எனில், ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்க வேண்டும். எந்த இணையதளப் பெயர் எந்த முகவரிக்குச் செல்ல வேண்டும் என்பதைக் கணினி முதலில் பார்க்கும் சிறு குறிப்பேடு இது. இதில் ஒரு வரியைச் சேர்த்து, ஆன்டிவைரஸ் சர்வருக்குச் செல்லும் வழியை அடைத்துவிட முடியும்.

சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி ஆகிய ஃபோல்டர்களை வரிசையாகத் திறந்தால் இக்கோப்பு இருக்கும். இதை நோட்பேடில் திறக்கலாம். '#' குறியுடன் தொடங்கும் வரிகள் வெறும் விளக்கங்கள். அந்தக் குறி இல்லாத வரிகளில், பயன்படுத்தும் ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் பெயரோ மைக்ரோசாப்டின் பெயரோ இருந்தால் எச்சரிக்கை தேவை. கட்டண மென்பொருள்களை இலவசமாக இயக்க உதவும் 'கிராக்' நிரல்களும், உரிமச் சரிபார்ப்பைத் தவிர்க்க இக்கோப்பை மாற்றுவதுண்டு. அலுவலகக் கணினிகளில் தொழில்நுட்பப் பிரிவினரே சில வரிகளைச் சேர்த்திருக்கலாம் என்பதால், அவர்களிடம் கேட்காமல் எதையும் அழிக்கக் கூடாது.

சந்தேகத்துக்குரிய வரிகள் இருந்தால், அவற்றை அழிப்பது மட்டும் போதாது. அவற்றை எழுதிய நிரல் கணினியிலேயே இருக்கும். எனவே, கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பதை உடனே நிறுத்த வேண்டும். விண்டோஸ் செக்யூரிட்டி பகுதியில் உள்ள 'டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' வசதியைப் பயன்படுத்தலாம். இது கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் முழுமையாக இயங்கத் தொடங்கும் முன் சோதிப்பதால், மால்வேர் ஒளிந்துகொள்வது கடினமாகிறது. அதன் பின்னர், பாதிப்பில்லாத வேறு கணினியில் ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் இருந்து நிறுவல் கோப்பைப் பதிவிறக்கி, மென்பொருளை மீண்டும் நிறுவ வேண்டும். வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களையும் அந்த வேறு கணினியிலேயே மாற்றுவது பாதுகாப்பானது.

பிழை நிறுவனத்தின் பக்கம் இருந்தால்

ஒரே நாளில் பலருக்கும் சிக்கல் ஏற்பட்டால், தவறு நிறுவனத்திடம் இருக்கலாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட்டால், உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியதாக மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. அன்று இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதப்பட்ட போர்டிங் பாஸ்கள் வழங்கப்பட்டன. இத்தகைய நேரங்களில் கணினி அமைப்புகளை மாற்றாமல், நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ அறிவிப்புக்காகக் காத்திருப்பதே நல்லது. இதைக் காரணம் காட்டி அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்திவிடக் கூடாது.

செய்யக் கூடாதவை

அப்டேட்டை நிறுவுவதற்காக ஆன்டிவைரஸையோ ஃபயர்வாலையோ அணைத்துவிட்டு, மீண்டும் இயக்க மறப்பது ஆபத்தானது. தேடலில் முதலில் தென்படும் உதவி எண்ணை அழைப்பதும், 'உங்கள் ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது' எனத் தாமாக அழைப்போரை நம்பி எனிடெஸ்க் போன்ற தொலைநிலைச் செயலிகளை நிறுவுவதும் பண இழப்பில் முடியலாம். எனிடெஸ்க் மூலம் நடக்கும் மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்துள்ளது.

யாரை அணுகலாம்?

மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' என்ற மையத்தை 2017 முதல் நடத்தி வருகிறது. அதன் இணையதளத்தில் மால்வேர் நீக்கக் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இணையத் தாக்குதல் குறித்துச் செர்ட்-இன் அமைப்பின் 1800-11-4949 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம்.

வங்கிக் கணக்கில் இருந்து பணம் பறிபோயிருந்தால், 1930 என்ற தேசிய உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். புகார் எவ்வளவு விரைவாகப் பதிவாகிறதோ, அந்த அளவுக்குப் பணம் வேறு கணக்குகளுக்கு மாறும் முன் முடக்கப்படும் வாய்ப்பு அதிகம்.